பைக்குக்குப் பின்னால் குட்டி டிரெய்லர்: முன்பாரம், பின்பாரம், இன்னும் சில கேள்விகள்

ஸ்பிளெண்டரில் டிரெய்லர் மாட்டி ஆத்தங்குடி கல் ஏற்ற நினைக்கிறேன். எத்தனை கிலோ தாங்கும்? (கண்டனூர்)

இழுக்கத் தெம்பு இருக்கும், நிறுத்தத்தான் இருக்காது. குட்டி டிரெய்லருக்குத் தனி பிரேக் கிடையாது. அதன் பாரத்தையும் சேர்த்து உங்கள் பைக்கின் பிரேக்தான் பிடிக்க வேண்டும். பிரிட்டனில் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பாரத்தோடு சேர்த்து டிரெய்லரின் எடை 150 கிலோ, அல்லது பைக் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இதில் எது குறைவோ அது. அதுவும் 125 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்குத்தான். ஸ்பிளெண்டர் அங்கே வாசலோடு நின்றுவிடும்.

எடைக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஸ்பிளெண்டர் சுமார் 110 கிலோ. மூன்றில் இரண்டு பங்கு 73. எழுபதுக்கு மேல் போகாதீர்கள். ஓரங்குல சதுரக் குழாயில் சட்டம், இரண்டு சக்கரம், பலகை என்று டிரெய்லரே 28 கிலோ வந்துவிடும். மிச்சம் 42. பத்தங்குலக் கல், 20 மில்லிமீட்டர் கனம் என்றால், ஒன்று 2.8 கிலோ அளவுக்கு வரும். ஒரு நடைக்குப் பதினைந்து கல். நூறு சதுர அடி அறைக்கு 144 கல் வேண்டும், அதாவது பத்து நடை. குட்டியானை ஒரே நடையில் இறக்கிவிட்டுப் போய்விடும். உடைந்த ஐந்தாறு கல்லுக்கு மாற்று எடுத்து வருவதென்றால் டிரெய்லர் சரி. அப்போதும் கல்லைப் படுக்க வைக்காமல், பூ முகத்தோடு பூ முகம் சேர்த்து, நடுவே காகிதம் வைத்து, நெட்டுக்குத்தாக அடுக்குங்கள். படுக்க வைத்து ஒன்றின் மேல் ஒன்று ஏற்றினால் வேகத்தடையில் அடிக்கல் கீறிவிடும்.

நாற்பதைத் தாண்டினால் டிரெய்லர் வாலாட்டுகிறது. பைக்கின் பின்சக்கரமும் சேர்ந்து ஆடுகிறது. (பள்ளத்தூர்)

மாட்டுவண்டி ஓட்டியவரிடம் கேட்டிருந்தால் "பின்பாரம்" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருப்பார். பின்பாரம் ஏறினால் ஏர்க்கால் மேலே தூக்கும், மாட்டுக்குக் கழுத்துக் கயிறு இறுகும். உங்களுக்கு அந்த இடத்தில் பைக்கின் பின்சக்கரம் இருக்கிறது. கொக்கி அதை மேலே தூக்குவதால் தரையில் பிடி குறைகிறது, டிரெய்லர் அசைக்கும் பக்கமெல்லாம் அது போகிறது.

கொக்கியின் மேல் இறங்கும் பாரம் டிரெய்லரின் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இருக்க வேண்டும். 70 கிலோவுக்கு 7 கிலோ. அளப்பது சுலபம். பாரத்தை ஏற்றிக் கட்டி, சமதரையில் நிறுத்தி, பைக்கிலிருந்து கழற்றுங்கள். ஆள் எடை பார்க்கும் மெஷினின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கொக்கி பைக்கில் எந்த உயரத்தில் இருக்குமோ அதே உயரத்தில் டிரெய்லரின் ஏர்க்கால் (கொக்கியில் சேரும் முன்தண்டு) நுனியை அதன் மேல் வையுங்கள். கட்டையின் எடையைக் கழித்தால் கிடைப்பதுதான் கொக்கிப் பாரம். மூன்று கிலோ காட்டினால் சரக்கை முன்னால் நகர்த்துங்கள். பன்னிரண்டைத் தாண்டினாலும் ஆபத்துதான்: முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் பிடிப்பில்லாமல் போகும், ராத்திரியில் ஹெட்லைட் புளியமரத்து உச்சியைப் பார்க்கும்.

பாரம் சரியாக இருந்தும் ஆடினால் சக்கர நேர் பாருங்கள். கொக்கி ஆணியிலிருந்து இரண்டு சக்கர அச்சு முனைகளுக்கும் நூல் பிடித்தால் நீளம் ஒன்றாக வர வேண்டும். ஐந்து மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே வண்டி நண்டு மாதிரிச் சாய்ந்து வரும், டயர் ஒரு பக்கம் தேயும். ஓடும்போது ஆட்டம் தொடங்கிவிட்டால் பிரேக்கை இறுக்காதீர்கள், வேகத்தையும் கூட்டாதீர்கள். ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, ஹேண்டிலை நேராகப் பிடித்திருங்கள்.

கார் டிரெய்லருக்குப் போடும் பந்துக் கொக்கியே போதும், கேரியரில் வெல்ட் வைத்துவிடலாம் என்கிறது பட்டறை. (தேவகோட்டை)

இரண்டுமே தப்பு. கார் சாயாது, பைக் வளைவில் சாயும். பின்னால் வரும் இரண்டு சக்கர டிரெய்லர் சாயாமல் நிற்கும். இந்த முறுக்கைப் பந்து கொஞ்சம்தான் விட்டுக்கொடுக்கும், அதற்கு மேல் சாய்ந்தால் பந்தைக் கவ்வும் கப் முட்டிக்கொண்டு பைக்கை நிமிர்த்தப் பார்க்கும். அதனால் மூன்று அசைவும் வேண்டும்: இடம் வலம் திரும்ப ஒரு செங்குத்து ஆணி, மேடு பள்ளத்துக்கு ஒரு படுக்கை ஆணி, முறுக்குக்கு ஏர்க்கால் நுனியில் குழாய்க்குள் சுழலும் தண்டு. அந்தத் தண்டின் பின்நட்டுத்தான் முதலில் காலை வாரும். சுழலச் சுழல சாதா நட்டு தானாகக் கழன்றுவிடும். காடி வெட்டிய நட்டுப் போட்டு ஸ்பிளிட் பின் குத்துங்கள், கிரீஸ் நிப்பிளும் ஒன்று வையுங்கள்.

கேரியர் என்பது மெல்லிய குழாய். ஒவ்வொரு பள்ளத்துக்கும் மேலும் கீழும் வளைந்து, ஒருநாள் வெல்டிங் ஓரத்தில் விட்டுவிடும். கொக்கிச் சட்டத்தைப் பின்பக்க ஃபுட்ரெஸ்ட் போல்ட்டுகளிலும் ஷாக்கின் மேல் போல்ட்டுகளிலுமாக நான்கு இடத்தில் பிடியுங்கள். கொக்கி பின்சக்கர அச்சின் உயரத்தை ஒட்டியே இருக்கட்டும். ஏர்க்காலுக்குக் கீழே இரண்டு சங்கிலியைக் குறுக்கே போட்டுக் கட்டுவது கட்டாயம். ஆணி போனாலும் ஏர்க்கால் தார்ரோட்டில் குத்தாது.

கைமுறுக்கு, தேன்குழல் கொண்டுபோகிறேன். பாதி நொறுங்கிவிடுகிறது. பழைய மொபெட் ஷாக் போட்டிருக்கிறேன். (கோட்டையூர்)

ஒரு மொபெட்டையும் ஆளையும் தாங்கச் செய்த ஸ்பிரிங்குக்குப் பன்னிரண்டு கிலோ முறுக்கு ஒரு பொருட்டே இல்லை. அது அமுங்கவே அமுங்காது, ஷாக் போட்டும் போடாத கதைதான். ஷாக்கை நேராக நிறுத்தாமல் 45 பாகை சாய்த்து மாட்டினால் அதன் விறைப்பு பாதியாகக் குறையும். சரக்கேற்றினால் இரண்டு மூன்று சென்டிமீட்டராவது சட்டம் இறங்க வேண்டும், அதுதான் அடையாளம். டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால் 18க்கு இறக்குங்கள். டின்களை வால்பக்கம் வைக்காமல் அச்சுக்கு மேலும் சற்று முன்னாலுமாக வையுங்கள், அங்கேதான் குதிப்பு குறைவு. டின்னுக்குள் மேலே இடைவெளி இருந்தால் காகிதம் திணியுங்கள். முறுக்கு உடைவது முறுக்கோடு முறுக்கு மோதித்தான்.

டிவிஎஸ் எக்ஸெல்லில் மாட்டலாமா? (புதுவயல்)

வேண்டாம். கியர் இல்லை, கிளட்ச் தானாகப் பிடிப்பது. ஏற்றத்தில் பாரத்தோடு கிளம்பினால் கிளட்ச் வழுக்கி, கருகல் வாடை வரும். ஒரு சிப்பம் அரிசிக்கு எக்ஸெல்லின் முன்பலகையே போதும்.

பழனி பாதயாத்திரைக்கு எங்கள் குழுவின் தண்ணீர், பாய், பாத்திரமெல்லாம் டிரெய்லரில் வரட்டும் என்று இருக்கிறோம். (குன்றக்குடி)

நடப்பவர்களோடு ஒட்டி வர வேண்டாம். நடை வேகத்தில் முதல் கியரில் பாதிக் கிளட்ச் பிடித்தே வந்தால், காற்றில் குளிரும் எஞ்சினுக்குக் காற்றே கிடைக்காது, கிளட்ச் பிளேட்டும் தீரும். அடுத்த தங்கலுக்கு முன்னால் போய்க் காத்திருங்கள். தண்ணீரை 20 லிட்டர் கேன்களில் முழுக்க நிரப்பியோ முழுக்கக் காலியாகவோ வையுங்கள். பாதி நிறைந்த டிரம் பிரேக் பிடித்ததும் முன்னால் பாயும், கிளம்பியதும் பின்னால் பாயும், கொக்கிப் பாரம் நிலையாகவே இருக்காது.

ராத்திரி நடைக்கு விளக்கு முக்கியம். ஐந்து வயர் ஓட்டுங்கள்: எர்த், பின்விளக்கு, பிரேக், இடது, வலது. கொக்கி வழியாக எர்த் எடுத்தால் கிரீஸிலும் துருவிலும் விளக்கு மினுக்கும். எல்இடி போட்டால் பைக்கின் மின்சாரத்துக்குச் சுமை குறைவு. பின்னால் இரண்டு சிவப்பு ரிஃப்ளெக்டரும் ஒட்டுங்கள்.

சைக்கிள் ரிக்‌ஷா சக்கரம் சும்மா கிடக்கிறது. (காரைக்குடி)

கிடக்கட்டும். சாயாத வண்டி திரும்பும்போது சக்கரத்தில் பக்கவாட்டு இழுப்பு விழும், கம்பிச் சக்கரம் அதில் கோணிக்கொள்ளும். பழைய ஸ்கூட்டரின் பத்தங்குல டிஸ்க் சக்கரம் நல்லது. தள்ளுவண்டிச் சக்கரத்தில் பேரிங் இல்லாமல் வெறும் புஷ் இருந்தால் சூடேறித் தேய்ந்துவிடும். 17 மில்லிமீட்டர் அச்சுக்கு 6203 எண்ணுள்ள, இருபக்கமும் ரப்பர் மூடிய பேரிங் போடுங்கள்.

இன்னொன்று: நம் செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முன்வாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும், முனைகள் செங்கோணம். டிரெய்லரின் உள்சக்கரம் பைக்கின் தடத்தில் வராது, உள்ளே வெட்டிக்கொண்டு வரும். அகலமாக வாங்கித் திருப்பாவிட்டால் முனைவீட்டுத் திண்ணையில் மோதும்.

ஆர்டிஓ பிடிப்பாரா? (திருப்பத்தூர்)

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(46) டிரெய்லரைத் தனி வாகனமாக வரையறுக்கிறது. பிரிவு 39 பதிவில்லாத வாகனத்தைப் பொதுச்சாலையில் ஓட்டத் தடை செய்கிறது. பைக்கின் ஃபிரேமில் கொக்கி பற்றவைப்பது பிரிவு 52 சொல்லும் மாற்றத்துக்குள் வரக்கூடும். ஆகவே பட்டறைக்குப் போகும் முன் வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் போய்க் கேளுங்கள். அபராதம் சின்ன விஷயம், விபத்தானால் காப்பீடு கைவிரிக்க இடமிருக்கிறது. தோப்புக்குள்ளும் மில் வளாகத்துக்குள்ளும் ஓட்டுவது வேறு கதை.

கண்மாய்க் கரை ஏறும் சரிவில் நிறுத்தினால் பைக் சாய்கிறது. (கல்லல்)

டிரெய்லர் பின்னால் இழுக்கிறது, சைடு ஸ்டாண்டு மடங்கிக்கொள்கிறது. முதல் கியரில் விட்டு, டிரெய்லரின் இரண்டு சக்கரத்துக்கும் பின்னால் கல் வைத்த பிறகே பைக்கிலிருந்து இறங்குங்கள். தனியாளாகப் போனால் அங்கே நிறுத்தாதீர்கள். கல் வைக்க ஆள் வேண்டும்.