குழந்தையின் வயிற்றுவலி அப்பெண்டிக்ஸாக இருக்குமோ என்று எப்போது சந்தேகிக்க வேண்டும்?

ஏழு வயது மகன் அடிக்கடி வயிறு வலிக்கிறது என்கிறான், அதில் எது சாதாரண வலி, எது அப்பெண்டிக்ஸ் வலி என்று எப்படிக் கண்டுகொள்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். என் மகளுக்கு ஒன்பது வயதில் இந்த நோய் வந்தபோது, ஒரு முழு நாளை அது என்னவென்று புரியாமலே கழித்த தகப்பன். அன்று நான் கண்ணால் பார்த்தும் கவனத்தில் கொள்ளாதவற்றையும், அறுவை சிகிச்சை செய்த மருத்துவர் பிறகு பொறுமையாக எனக்கு விளக்கியவற்றையும் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மாலை அவள் தொப்புளைச் சுற்றி வலிக்கிறது என்றாள். எங்கே என்று காட்டச் சொன்னபோது ஒரு விரலால் தொடாமல் உள்ளங்கையால் வயிறு முழுவதையும் தடவிக் காட்டினாள். என் அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தார். ஆசையாகச் சாப்பிடும் பணியாரத்தை அன்று வேண்டாமென்று தள்ளிவிட்டாள். இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். திங்கள் காலை பக்கத்திலிருந்த கிளினிக்கில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். வயிறு அப்போது மிருதுவாக இருந்தது, காய்ச்சலும் இல்லை. ஆகவே அவர்கள் அப்படி நினைத்ததில் வியப்பில்லை. மாலையில் குடலேற்றமாக இருக்கும், எண்ணெய் தடவி எடுத்துவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்ல, அதற்காக அவளைப் படுக்க வைத்தபோது, வயிற்றில் கை பட்டதும் அலறிவிட்டாள். வலி அதற்குள் வலப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும்போது ஒவ்வொரு வேகத்தடையிலும் அடிவயிற்றின் வலப்பக்கத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் போகச் சொல்லுங்கள் அப்பா என்று அழுதாள். இதை நான் சொன்னவுடன்தான் மருத்துவரின் முகம் மாறியது.

வலி ஏன் இடம் மாறுகிறது என்று அவர் சொன்ன விளக்கத்தைப் பெற்றோர் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பேன். பெருங்குடலின் தொடக்கத்தில் புழுப்போலத் தொங்கும் குடல்வாலின் (இதைத்தான் அப்பெண்டிக்ஸ் என்கிறோம்) வாய், இறுகிய மலத்தாலோ வீங்கிய நிணநீர்த் திசுவாலோ அடைபட்டால், உள்ளே அழுத்தம் கூடி அது வீங்கத் தொடங்குகிறது. குடல்வாலிலிருந்து வரும் நரம்புகளும் தொப்புள் பகுதித் தோலிலிருந்து வரும் நரம்புகளும் தண்டுவடத்தில் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் சேர்வதால், மூளைக்கு முதலில் தொப்புளில் வலிப்பதாகவே தோன்றுகிறது. சில மணி நேரம் கழித்து வீக்கம் வயிற்றின் உட்சவ்வைத் தொடும்போதுதான் வலி தன் உண்மையான இடத்துக்கு வருகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் சார்லஸ் மக்பர்னி 1889இல் குறிப்பிட்ட அந்த இடம், வலது இடுப்பெலும்பின் முன்முனையையும் தொப்புளையும் இணைக்கும் கோட்டில், எலும்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் இருக்கிறது. உட்சவ்வு அழற்சியுற்றிருப்பதால் உடல் குலுங்கினாலே வலிக்கும். குழந்தை முன்குனிந்து மெல்ல நடக்கும், அசையாமல் படுத்திருக்கவே விரும்பும். வலது காலில் நின்று ஒரு முறை குதிக்கச் சொன்னால் பெரும்பாலும் மறுத்துவிடும்.

வரிசையையும் கவனியுங்கள். குடல்வால் அழற்சியில் பெரும்பாலும் வலி முதலில் வரும், பசியின்மையும் வாந்தியும் அதன் பின்னால் வரும், இலேசான காய்ச்சல் இன்னும் தாமதமாக எட்டிப்பார்க்கும். வாந்தியும் பேதியும் முதலில் தொடங்கிப் பிறகு வயிறு வலித்தால் குடல் தொற்றாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. குடல்வால் இடுப்புக்குள் இறங்கிக் கிடந்தால் பேதியும் அடிக்கடி சிறுநீர் கழிக்கும் உணர்வும் வரலாம், பெருங்குடலின் பின்னால் மறைந்திருந்தால் வலி முதுகுப்பக்கம் தெரியலாம். ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இந்நோய் அரிது என்றாலும், அவர்களால் வலியைச் சொல்லத் தெரியாததால், கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் குடல்வால் வெடித்தே இருக்கிறது. கடுமையாக வலித்துக்கொண்டிருந்த வயிறு திடீரென்று வலி குறைந்து, பிறகு உப்பிக் காய்ச்சல் ஏறினால், அது வெடிப்பின் அறிகுறியாக இருக்கலாம். தேறிவிட்டான் என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் மகனைப் பற்றிச் சொன்னால், மாதக்கணக்கில் வந்து வந்து போகும், தொப்புளைச் சுற்றியே நிற்கும், இடையில் விளையாடவும் சாப்பிடவும் விடும் வலிக்கு மலச்சிக்கல் போன்ற காரணங்களே அதிகம். ஆயினும் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைதல், மலத்தில் இரத்தம் இவற்றில் எது இருந்தாலும் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆண் குழந்தை என்பதால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: விதைப்பைக்குள் விதை முறுக்கிக்கொண்டாலும் சிறுவர்கள் வெட்கப்பட்டு அடிவயிறு வலிக்கிறது என்று மட்டும் சொல்லக்கூடும். அதைக் காப்பாற்ற ஏறத்தாழ ஆறு மணி நேரமே இருப்பதால், திடீரென்று அடிவயிற்று வலி என்றால் தயங்காமல் அங்கேயும் பார்த்துவிடுங்கள்.

சந்தேகம் வந்துவிட்டால் விளக்கெண்ணெயோ வேறு பேதி மருந்தோ எனிமாவோ கொடுக்காதீர்கள். வயிற்றைத் தடவவோ தட்டவோ யாரையும் விடாதீர்கள். மயக்க மருந்து கொடுக்க நேரலாம் என்பதால் உணவும் வேண்டாம். எடைக்கேற்ற அளவில் பாராசிட்டமால் கொடுப்பதால் நோய் மறைந்து மருத்துவர் ஏமாந்துவிடுவார் என்பது பழைய அச்சம். மருத்துவமனையில் இரத்தம், சிறுநீர், அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள். ஸ்கேனில் குடல்வால் தெரியவில்லை என்று எழுதியிருந்தால் அதற்கு நோய் இல்லை என்று பொருளல்ல. சில மணி நேரம் கழித்து அதே மருத்துவர் மீண்டும் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது பல நேரங்களில் ஸ்கேனை விட அதிகம் சொல்லும்.

என் மகளுக்கு அன்று நள்ளிரவுக்குப் பின் அறுவை சிகிச்சை நடந்தது. வெடிப்பதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள். முதலில் போன கிளினிக்கில் மூன்று நாளில் சரியாகாவிட்டால் வாருங்கள் என்றே சொல்லி அனுப்பினார்கள். உங்களை அப்படி அனுப்பினால், வலி வலப்பக்கம் நகர்ந்தாலோ, நடக்க முடியாமல் போனாலோ இன்றிரவே யாரிடம் வர வேண்டும் என்று கேட்டு, அந்தத் தொலைபேசி எண்ணையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.