மழையில் நகரும் குறி: முழுநீளக் கட்டைத் துப்பாக்கிகள், கேள்வி பதில்

ராணுவத்தில் 22 ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவனாக, வேலை செய்துவிட்டுக் குன்னூரில் ஓய்வில் இருக்கிறேன். குழலின் வாய் வரைக்கும் மரம் ஓடும் பழைய வேட்டைத் துப்பாக்கிகள் சரியாகச் சுடாது என்ற பேச்சு உண்மையா என்று பலர் கேட்டுவிட்டார்கள். கேள்விகளைச் சேர்த்து ஒரே இருப்பில் பதில் எழுதுகிறேன். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. உரிமத்தோடு வீட்டில் இருக்கும் துப்பாக்கியும், பயிற்சித் தளத்தில் அட்டையைச் சுடுவதும்தான் இங்கே விஷயம். காட்டுப்பன்றிக்கு எது தோது என்று கேட்ட இரண்டு கடிதங்களை அடுப்பில் போட்டுவிட்டேன்.

கோத்தகிரி, தேயிலைத் தோட்டக்காரர்: தாத்தா வழியாக வந்த மன்லிக்கர்-ஷோனவர் என்ற ஆஸ்திரிய வேட்டைத் துப்பாக்கி ஒன்று என் உரிமத்தில் இருக்கிறது. பங்குனியில் நடுப்புள்ளியில் விழுந்த தோட்டாக்கள், ஐப்பசி மழைக்குப் பிறகு நான்கு அங்குலம் மேலே, கொஞ்சம் இடப்பக்கம் விழுகின்றன. குழல் தேய்ந்துவிட்டதா?

தோட்டாக்கள் மேலே போனாலும் ஒன்றையொன்று ஒட்டித்தானே விழுகின்றன? அப்படியானால் குழலுக்கு ஒன்றுமில்லை, ஐயா. சிதறல் வேறு, இடம் பெயர்தல் வேறு. தேய்ந்த குழல் அட்டை முழுவதும் வாரி இறைக்கும். உங்களுடையது கட்டுக் குலையாமல் வீடு மாறியிருக்கிறது. முழுநீளக் கட்டையின் மீது சொல்லப்படும் புகார்களில் முக்கால்வாசி இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருபவை.

மரம் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும், வெயிலில் கக்கும். நீளவாக்கில் அது நீள்வதே இல்லை என்று சொல்லிவிடலாம். அகலவாக்கில்தான் ஊதும். அக்ரூட் மரத்தில் ஈரம் 4 சதவீதப் புள்ளிகள் கூடினால், 50 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சுமார் அரை மில்லிமீட்டர் வரை விரியும். ஐந்து தாள்களை அடுக்கிய கனம் அது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் ஊதினால்கூடப் பாதகமில்லை. ரேகை சாய்ந்து ஓடும் பக்கம் ஒருவிதமாகவும் மற்றப் பக்கம் வேறுவிதமாகவும் ஊதும்போது கட்டை இம்மியளவு முறுக்கிக்கொள்கிறது. அரைக்கட்டைத் துப்பாக்கியில் அந்த முறுக்கு பாதி வழியில் முடிந்துவிடும். உங்களுடையதில் மரம் குழலின் நுனி வரை போகிறது; நுனியில் ஒரு விரல் தொட்டுத் தள்ளுவதுபோல் குழலைத் தள்ளுகிறது. கீழிருந்து வலப்பக்கமாக முட்டினால் தோட்டா மேலே இடப்பக்கமாகப் போவதில் வியப்பில்லை.

தை, மாசியில் நன்றாகக் காய்ந்த பிறகு மறுபடி சுட்டுப் பாருங்கள். பழைய இடத்துக்கோ அதன் பக்கத்துக்கோ வந்துவிடும். அதற்குள் குறிமுள்ளை, அதாவது குறி பார்க்கக் குழலின் மேல் இருக்கும் முள்ளை, தட்டித் திருத்திவிடாதீர்கள். மழைக்கு ஒருமுறை, வெயிலுக்கு ஒருமுறை தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

ஊட்டி, கல்லூரி மாணவர், துப்பாக்கிச் சுடுதல் பழகுபவர்: குழல் எதையும் தொடாமல் மிதக்க வேண்டும் என்பதுதான் இன்றைய விதி என்கிறார்கள். முழுக்கட்டையில் அது முடியாது. அப்படியானால் இவை அலங்காரப் பொருள்தானே, அண்ணா?

விதி சரி, தம்பி. முடிவு சரியில்லை. சுடும்போது குழல் வீணைத் தந்தியைப் போல அதிர்கிறது. ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் தோட்டா ஒரே இடத்துக்குப் போகும். எதையும் தொடாத குழல் அப்படி அதிர்வது எளிது. ஆனால் தொட்டாலும், ஒரே இடத்தில் ஒரே அழுத்தத்தோடு தொட்டால் போதும். பிரிட்டிஷ் படையின் .303 லீ-என்ஃபீல்டைப் பாருங்கள். நுனி வரை மரம் போர்த்திய துப்பாக்கி அது. நுனிக்கு அருகில், கட்டைக்குள் ஒரு சிறு முளையும் சுருள்வில்லும் வைத்துக் குழலை மேல்நோக்கி அழுத்தும்படி செய்திருந்தார்கள். மரம் எவ்வளவு ஊதினாலும் அழுத்தத்தை வில் பார்த்துக்கொள்ளட்டும் என்ற கணக்கு. என் வேலையில் பாதி அந்த முளையோடுதான் கழிந்தது.

முழுக்கட்டை வேட்டைத் துப்பாக்கிகளுக்கு இன்னொரு சாதகமும் உண்டு. மன்லிக்கர்-ஷோனவர் 1903 கார்பைனின், அதாவது குட்டைத் துப்பாக்கியின், குழல் 450 மில்லிமீட்டர்தான். ஒரே பருமனில் நீளம் குறையக் குறைய விறைப்பு ஏறும். நீளம் பாதியானால் விறைப்பு எட்டு மடங்கு. குட்டைக் குழல் குறி தவறும் என்ற நம்பிக்கை இதற்கு நேர் எதிரானது. தவறுவது கண். முன்முள்ளுக்கும் பின்குறிக்கும் இடைவெளி 22 அங்குலம் இருக்கும்போது, அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு பிசகினால் 100 கஜத்தில் ஏறக்குறைய 1.6 அங்குலம் விலகும். இடைவெளி 14 அங்குலமாகக் குறைந்தால் அதே பிசகு 2.6 அங்குலம். பழி குழலுக்குப் போகிறது.

குன்னூர், ஓய்வுபெற்ற ஆசிரியை: இத்தனை தொல்லை என்றால் நுனி வரை மரம் வைத்ததே ஏன்?

நல்ல கேள்வி, அம்மா. ஆஸ்திரியத் துப்பாக்கி வடிவமைப்பாளர் மன்லிக்கர் பெயரில் இந்தக் கட்டையை அழைத்தாலும் அது அவர் கண்டுபிடித்ததல்ல. 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் நாட்டு வேட்டைக்காரர்கள் வைத்திருந்த யேகர் துப்பாக்கிகளிலேயே மரம் நுனி வரை ஓடியது. படைவீரனுக்குச் சுட்ட குழலைப் பிடிக்க மரம் வேண்டும். ஆல்ப்ஸ் மலையில் ஏறுபவனுக்குப் பாறையில் மோதினால் குழலைக் காக்க ஏதாவது வேண்டும். நம் வரையாடு நிற்கும் முக்கூர்த்திப் பாறைகள் மாதிரியான இடத்தில் ஊன்றுகோலாகவும் துப்பாக்கி பயன்பட்டிருக்கும். அவனுக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு குண்டு, அதுவும் குளிர்ந்த குழலிலிருந்து. முழுக்கட்டை அந்த முதல் குண்டை நன்றாகவே போடும். அழகும் ஒரு காரணம்தான், மறுக்க மாட்டேன்.

கூடலூர், வாசகர்: முதல் இரண்டு நன்றாக விழுகின்றன. மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றும் ஏணி ஏறுகிறது.

சூடு. 450 மில்லிமீட்டர் இரும்பு 60 பாகை சூடேறினால் ஏறக்குறைய 0.3 மில்லிமீட்டர் நீளும். மரம் அதனோடு நீளாது. கட்டையின் நுனியில் இருக்கும் இரும்புத் தொப்பி குழலை இறுகப் பிடித்திருந்தால், நீள வழியில்லாமல் குழல் வளையும். தொப்பிக்கும் குழலுக்கும் நடுவே துளி இடைவெளி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஒரு குண்டுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு டம்ளர் தேநீர் குடியுங்கள்.

கொடைக்கானல், வாசகர்: உள்பக்க மரத்தை நானே உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடலாமா?

தேய்த்த மரம் திரும்பி வராது. முதலில் கழற்றாமலே ஒரு தாளைக் குழலுக்கும் மரத்துக்கும் நடுவே செருகி இழுத்துப் பாருங்கள். சிக்கும் இடம் தெரியும். அடுத்து, அடியில் உள்ள திருகாணிகளைக் கவனியுங்கள். காய்ந்த மரம் சுருங்கித் திருகாணி தளர்ந்திருப்பதே பல நேரம் முழு நோயும். மூன்றாவதாக, குழல் படுக்கும் வாய்க்காலின் உட்புறம் பாருங்கள். வெளியே கண்ணாடிபோல் மெருகு ஏற்றியிருப்பார்கள். உள்ளே பச்சை மரமாக விட்டிருப்பார்கள். ஈரம் நுழையும் வாசல் அதுதான். ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகப் பல நாள் பூசினால் ஈரம் ஏறும் வேகம் குறையும், அடியோடு நிற்காது.

பின்பகுதி இரும்பு உட்காரும் இடத்தில் எபாக்சிப் பசை ஊற்றிப் படிய வைப்பதை நாங்கள் பெட்டிங் என்போம். பலன் உண்டு. அதை உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம்தான் செய்ய வேண்டும். குழலை ஒரு அங்குலம் வெட்டினால் சரியாகும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கென உரிமம் இல்லாமல் வெட்டுவது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம்.

அருவங்காடு, வாசகர்: என்னிடம் இருப்பது .315, அரைக்கட்டை. எனக்கு இந்தப் பேச்சில் பங்கு உண்டா?

தோட்டாவில் உண்டு. நம் நாட்டில் .303 போன்ற ராணுவத் தோட்டாக்கள் பொதுமக்களுக்குத் தடை என்பதால் புழங்கிய .315, ஆஸ்திரியப் படையின் மன்லிக்கர் துப்பாக்கிக்காக வந்த 8×50 தோட்டாதான். கட்டை வராவிட்டாலும் மன்லிக்கர் உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

கோத்தகிரி, தச்சர்: பழைய கட்டை பிளந்துவிட்டது. ஈட்டி மரத்தில் புதிது செய்து தரச் சொல்கிறார்கள். உறுதியான மரம்தானே?

உறுதிதான், கனமும் அதிகம். முழுக்கட்டைக்கு அந்தக் கனம் முன்பக்கம் தொங்கும். ஈட்டியின் எண்ணெய்ப் பசையில் எபாக்சியும் சரியாகப் பிடிக்காது. நன்றாகப் பதமான, ரேகை நேராக ஓடும் அக்ரூட் கிடைத்தால் அதையே எடுங்கள். அழகான சுழி ரேகையை அடிக்கட்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். முன்பகுதியில் சுழி வந்தால் முதல் மழைக்கே முறுக்கும்.

ஊட்டி, பெயர் வேண்டாம் என்றவர்: எங்கள் பங்களாவில் துப்பாக்கியைக் கணப்புக்கு மேலே, மான்கொம்பின் கீழே மாட்டியிருக்கிறோம். அப்பா காலத்திலிருந்தே அங்கேதான். ஆனால் ஆண்டுக்கு ஆண்டு குறி மாறுகிறது.

இரவெல்லாம் நெருப்பு, பகலெல்லாம் மூடுபனி. அந்த மரத்தை நீங்கள் தினமும் அப்பளம்போல் பொரித்து நனைக்கிறீர்கள். இறக்கி, உள்சுவரை ஒட்டிய அறையில் பூட்டிய பெட்டிக்குள் வையுங்கள். உறையில் போட்டு மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கும். கணப்புக்கு மேலே கடிகாரத்தை மாட்டிக்கொள்ளலாம்.