கேப்டன் வேடம் யாருக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் இங்கிலாந்தில் வசிக்கிறேன். நெப்போலியன் காலப் போர்களை மீள்நிகழ்த்தும் குழு ஒன்றில் கடந்த ஆண்டு சேர்ந்து, பிரிட்டிஷ் காலாட்படைச் சிப்பாயாக அணிவகுத்து வருகிறேன். கேப்டன் வேடத்துக்கான சிவப்புக் கோட்டு, வாள், இடைக்கச்சை எல்லாம் வாங்கிவிட்டேன். குழுவினரோ "இப்போது வேண்டாம்" என்கிறார்கள். அந்தக் காலத்தில் பணம் கொடுத்துத்தானே பதவி வாங்கினார்கள்? எனக்கு மட்டும் ஏன் தடை?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் குழு சொன்னதுதான் சரி. வரலாறும் அவர்கள் பக்கமே நிற்கிறது.

பதவியை விலைக்கு வாங்கும் வழக்கம் பிரிட்டிஷ் தரைப்படையில் 1871 வரை இருந்தது. ஆனால் தலைமைத் தளபதியாக இருந்த யார்க் கோமகனின் சீர்திருத்தங்களுக்குப் பிறகு, கீழ்ப்பதவியில் சில ஆண்டுகளாவது கழிக்காதவர் எவ்வளவு செல்வராக இருந்தாலும் கேப்டனாக முடியாது. போர்க்காலத்தில் சாவு உண்டாக்கிய காலியிடங்கள் பெரும்பாலும் விலையின்றியே நிரப்பப்பட்டன. பீரங்கிப் படையிலோ விலைக்கு வாங்கும் பேச்சே கிடையாது.

இதைவிட முக்கியமானது, கேப்டன் நிற்கும் இடம். அவர் தன் கம்பெனியின், அதாவது தன் தலைமையிலுள்ள சிறு படைப்பிரிவின், முன்வரிசையில் வலது ஓரத்தில் நிற்பார். மஸ்கட் துப்பாக்கியில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் விசையமைப்பு வலப்பக்கம் இருப்பதால், மருந்து பற்றும் துளையிலிருந்து தீ வலப்பக்கமாகவே சீறும். கடைசிச் சிப்பாயின் தீப்பொறி தன்னை நோக்கி வரும் அந்த இடத்தில் நின்றபடி கேப்டன் வரிசை முழுவதையும் கவனிக்க வேண்டும். எல்லோரும் சேர்ந்து சுடும் இரைச்சலில், தன் துப்பாக்கி வெடிக்கவில்லை என்பதே ஒரு சிப்பாய்க்குத் தெரியாமல் போகலாம். அவர் அதன்மேலேயே இன்னொரு தோட்டாவின் மருந்தைக் கொட்டிவிடுவார். மீள்நிகழ்வில் ஈயக் குண்டு இல்லை என்றாலும் மருந்து உண்மையானது, எதிரணியில் நிற்பவர் நம் நண்பர். எப்போது சுட வேண்டும், எப்போது குழலை உயர்த்திப் பிடிக்க வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று சொல்பவரை வரிசையில் உள்ள அத்தனை பேரும் யோசிக்காமல் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைக் கடையில் வாங்க முடியாது.

வாளைச் சுழற்றிக்கொண்டே திரியும் அதிகாரி வேடங்களைப் பார்த்தால் எனக்கு உண்மையாகவே வருத்தமாக இருக்கிறது. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் 27-ஆம் இனிஸ்கில்லிங் படைப்பிரிவு குறுக்குச்சாலை அருகே சதுர அணியில் நின்று குண்டு வாங்கியது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தார்கள். அங்கே அதிகாரியின் வேலை அசையாமல் நிற்பதும், விழுந்தவர் இடத்தை அடுத்தவர் நிரப்பும்படி பார்த்துக்கொள்வதும்தான். வாட்டர்லூ காலத்துக் கேப்டனாக நடிக்க விரும்பும் ஒருவர் பயில வேண்டியது அந்த நிதானத்தை.

உடை பற்றியும் ஒன்று. 1810-க்குப் பிந்தைய விதிப்படி, சாதாரணக் கம்பெனியின் கேப்டனுக்கு வலது தோளில் மட்டுமே குஞ்சம் வைத்த தோளணி. இரண்டு தோளிலும் இருந்தால் அவர் மேஜர் அல்லது அதற்கு மேல். நீங்கள் வாங்கியதை ஒருமுறை சரிபாருங்கள்.

உங்கள் நிலைக்கு அழகாகப் பொருந்தும் வேடம் ஒன்று உண்டு. அதிகாரிப் பதவி காலியாகும் என்று காத்திருந்த கனவான்கள் அந்தப் படையில் 'தன்னார்வலர்' என்ற பெயரில் சேர்ந்தார்கள். துப்பாக்கி ஏந்திச் சிப்பாய்களோடு வரிசையில் போரிடுவார்கள், உணவு மட்டும் அதிகாரிகளோடு. மீள்நிகழ்வுகளில் இவர்களை அரிதாகவே காண முடிகிறது. அடுத்த முகாமுக்கு முன் குழுவிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். மறுக்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.