வீட்டுப் புதினாவும் பெப்பர்மின்ட்டும் ஒன்றா? பெப்பர்மின்ட்தான் அசலா?

ஒன்று இல்லை. சமையலுக்கு நாம் வளர்ப்பது பெரும்பாலும் ஸ்பியர்மின்ட். அதற்கும் தண்ணீர்ப் புதினாவுக்கும் பிறந்த கலப்புதான் பெப்பர்மின்ட். அசல் எது என்று கேட்டால், பெற்றது நம் வீட்டுப் புதினா.

உங்களிடமும் யாரோ "இது அசல் இல்லை" என்று சொல்லியிருப்பார்கள். எனக்கும் நடந்தது. இலங்கை மலைநாட்டில் டிக்கோயாப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில், பீலித் (தண்ணீர்க் குழாய்) தண்ணீர் வழிந்தோடும் ஓரத்தில் அம்மாயி வைத்த புதினா அது. கொழுந்துக் கூடையை இறக்கியதும் ஒரு பிடி கிள்ளி, தேங்காய், பச்சை மிளகாயோடு அம்மியில் சம்பல் அரைப்பார். ரொட்டிக்கு வேறெதுவும் வேண்டாம். கொழும்பிலிருந்து வந்த உறவுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "காட்டுப் புதினா, நல்ல பெப்பர்மின்ட் வாங்கி வையுங்கள்" என்றார். அம்மாயி முகம் வாடிவிட்டது.

டவுனில் பெப்பர்மின்ட் விதை என்று ஒரு பாக்கெட் வாங்கினேன். முளைத்ததும் அதே ஸ்பியர்மின்ட் மாதிரிதான் இருந்தது. பெப்பர்மின்ட் மலட்டுக் கலப்பு, விதையில் வராது, வேர்க்கொடி வெட்டித்தான் வைக்க வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. விதை என்று விற்றால் வாங்காதீர்கள்.

அப்புறம் நுவரெலியாவில் ஒரு தோழி கொடி வெட்டித் தந்தாள். தண்டில் கருஞ்சிவப்பு ஓடியிருந்தது. இலைக்கு ஓர் அரிசி நீளமாவது காம்பு இருந்தது. எங்கள் புதினா இலையோ காம்பே இல்லாததுபோலத் தண்டோடு ஒட்டியிருக்கும். கசக்கினால் பெப்பர்மின்ட் மூக்கில் குளிர்ந்து ஏறும், அது மென்தால். ஸ்பியர்மின்ட்டில் மென்தால் மிகக் குறைவு, அதன் வாசனை கார்வோன் என்ற வேறு பொருளால் வருவது. பெப்பர்மின்ட்டில் சம்பல் அரைத்தேன், பற்பசை வாசம். அம்மாயி தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். இஞ்சி பிளேன்டீக்கு ஓர் இலை போட்டால் அருமை. நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு மட்டும் ஆகாது.

தாவரவியல் படித்தவர்கள் சண்டைக்கு வரவேண்டாம். புதினாவில் எத்தனையோ கலப்பு உண்டு, தண்டின் நிறம் வெயிலுக்கு மாறும் என்று எனக்கும் தெரியும். என் கையால் கிள்ளிப் பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

போன வருஷம் தோட்டத்தில் கான் (வடிகால்) வெட்டுகிறோம் என்று அம்மாயியின் பாத்தியை வாரிப் போட்டுவிட்டார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமுறை தலைமுறையாக இருக்கிறோம், நிலம் எங்கள் பெயரில் இல்லை, யாரிடம் போய்க் கேட்பது? மண்ணுக்குள் கிடந்த கொடிகளைப் பொறுக்கிப் பெயின்ட் வாளியில் நட்டேன், பிழைத்துக்கொண்டது.

சரி, இரண்டையும் ஒரே பாத்தியில் வைக்காதீர்கள், வேர் பின்னினால் பிரிக்க முடியாது. ஹட்டன் பக்கம் என்றால் சொல்லுங்கள், அம்மாயி புதினாவில் ஒரு கொடி வெட்டித் தருகிறேன்.