நாரி நோவுக்குப் படுக்கை மருந்தல்ல

கேள்வி: என் வாப்பாவுக்கு 54 வயது. சம்மாந்துறையில் அரிசி ஆலைகளில் 25 வருடத்துக்கு மேலாக மூடை தூக்குகிறார். மூன்று வருடமாக நாரி நோவு. ஸ்கேன் எடுத்தபோது, முள்ளெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் டிஸ்க் தேய்ந்து பிதுங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அன்றிலிருந்து குனியவே பயப்படுகிறார். பள்ளிவாசலில் கதிரையில் இருந்துதான் தொழுகிறார். பெல்ட் கட்டிக்கொண்டு, பாமசியில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகிறார். வேலையில்லாத நாளெல்லாம் படுத்தே கிடக்கிறார். வேலையை விட்டுவிட்டு முழு ஓய்வெடுக்கச் சொல்லலாமா?

பதில்: முழு ஓய்வு வேண்டாம், தம்பி. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் கவலை தருபவை அவர் படுத்தே கிடப்பதும், அந்த மாத்திரையும்தான்.

முதலில் வாப்பாவிடம் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிறுநீர் போவதில் புதிதாகத் தடை, மலம் கட்டுப்பாடின்றிப் போவது, மலவாயையும் பிறப்புறுப்பையும் சுற்றி மரத்துப்போவது, கால் வலுவிழந்து பாதம் இழுபடுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும், இரவென்றும் பாராமல் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள். காய்ச்சல், காரணமில்லாத மெலிவு, படுத்தாலும் தணியாத இரவு வலி இருந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். காசநோய் முள்ளந்தண்டையும் தாக்கும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

இவை எதுவும் இல்லையென்றால், அந்த ஸ்கேன் முடிவைப் பற்றிப் பேசலாம். முதுகில் எந்த வலியும் இல்லாதவர்களைப் படம்பிடித்த ஆய்வுகளை 2015இல் ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 50 வயதினரில் 80 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்ந்திருந்தது. 60 சதவீதத்தினருக்குப் பிதுங்கியிருந்தது. அவர்கள் யாருக்கும் வலியில்லை. ஆகவே வாப்பாவின் வலி உண்மையானதுதான். ஆனால் அந்தப் படத்தில் தெரிந்ததுதான் அதற்குக் காரணம் என்றோ, முதுகு இனி உதவாது என்றோ முடிவுகட்ட முடியாது. இதை அவரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். ‘தேய்ந்துவிட்டது’ என்ற ஒரு சொல்லைக் கேட்டு, நல்ல உடல்வலுவோடு இருந்தவர்கள் முடங்கிப்போவதைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வேதனையாக இருக்கிறது.

பயத்தில் முதுகை விறைப்பாகவே வைத்திருந்தால் தசைகள் இறுகும். படுத்தே கிடந்தால் அவை வலுவிழக்கும். பிறகு அதே மூடை முன்னைவிடக் கனக்கும். கதிரையில் இருந்து தொழுவது மார்க்கம் சார்ந்த விடயம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் குனிந்தால் டிஸ்க் வெளியே வந்துவிடும் என்ற பயம்தான் காரணமென்றால், அந்தப் பயம் தேவையில்லை. பாரமில்லாமல் மெதுவாகக் குனிந்து நிமிர்வது முதுகுக்கு நல்லது. வீட்டில் முதலில் கைகளைத் தொடையில் ஊன்றி தொழுகையில் குனிந்து நிற்கும் ருகூஉ அளவுக்குக் குனிந்து பார்க்கட்டும். சில வாரங்களில், நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதையும் முயன்று பார்க்கலாம். அப்போது கொஞ்சம் வலித்து, மறுநாள் காலைக்குள் தணிந்துவிட்டால் அது கெடுதல் அல்ல.

இதோடு நடையும் வேண்டும். அதிகாலை சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பத்து நிமிடத்தில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டி, வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் என்ற அளவுக்கு வரட்டும். முதுகுவலி வந்து குணமான 701 பேரை வைத்து அவுஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வு 2024இல் வெளியானது. ஆலோசனையோடு நடைப்பயிற்சி செய்தவர்களுக்கு வலி திரும்ப வருவதற்கு நடுத்தரமாக 208 நாள் ஆனது. செய்யாதவர்களுக்கு 112 நாள். பெல்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைவிடலாம். நாட்பட்ட நாரி நோவுக்கு அதை வழமையாகக் கட்ட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் சொல்லிவிட்டது. சுடுதண்ணி ஒத்தடமும் எண்ணெய் தேய்ப்பதும் இதம் தரும், தாராளமாகச் செய்யுங்கள்.

வேலையைப் பற்றி முதலாளியிடம் பேசத்தான் வேண்டும். ஒரு ஆண் தனியாகச் சுமக்கும் பாரம் 55 கிலோவைத் தாண்டக் கூடாது என்று சர்வதேச தொழில் அமைப்பு 1967இலேயே பரிந்துரைத்தது. முதுகு நோவுள்ள ஒருவருக்கு அதுவும் அதிகம். தரையிலிருந்து தூக்குவதும், தூக்கியபடி உடலைத் திருப்புவதும்தான் முதுகை அதிகம் வருத்துபவை. மூடையை இடுப்பு உயர மேடையில் வைத்தெடுப்பது, இருவராகத் தூக்குவது, சில நாள் மூடை வாய் தைப்பது, நிறுப்பது, நெல் காயப்போடுவது என்று மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். 25 வருடம் உழைத்தவருக்காக இதைக் கேட்பதில் வெட்கமில்லை.

அடுத்தது மாத்திரை. பெயரைப் பாருங்கள். டைக்ளோபினாக் போன்றதாக இருந்தால், வைத்தியர் சொல்லாமல் தொடர்ந்து போடுவது ஆபத்து. வயிற்றுப் புண், இரத்த அழுத்தம், சிறுநீரகப் பாதிப்பு எல்லாம் அதனால் வரலாம். கச்சான் காற்று சூடாக வீசும் மாதங்களில் வியர்த்து, தண்ணீர் குறைந்த உடலில் இந்த மாத்திரை சிறுநீரகத்தை இன்னும் கூடுதலாகத் தாக்கும். நம் மாவட்டத்தின் தெஹியத்தகண்டியில் காரணம் தெரியாத சிறுநீரக நோய் எத்தனை விவசாயக் குடும்பங்களை வாட்டுகிறது என்பது உங்களுக்கும் தெரிந்திருக்கும். பெயரில்லாத கடதாசிப் பொட்டலத்தில் தரும் கலவை மாத்திரைகளை வாங்கவே வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். ஆனால் அப்படியான ஒன்றை மாதக்கணக்கில் போட்டுவந்தவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அதனால் மாத்திரையைக் கையோடு கொண்டுபோய் கிளினிக்கில் காட்டி, இரத்த அழுத்தத்தையும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவை இரத்தத்திலும் இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பிசியோதெரபிப் பிரிவுக்கு ஒரு கடிதமும் அங்கேயே கேட்டு வாங்குங்கள்.