யாழ்ப்பாணத்து வளவில் எக்சோரா மஞ்சளாவது ஏன்? வேறு எந்தப் பூங்கன்று நன்றாக வரும்?

வலிகாமத்துச் செம்மண் வளவில் வைத்த எக்சோரா மஞ்சளித்துக்கொண்டே போகிறது, உரம் போட்டும் தேறவில்லை, வேறு என்ன வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உரத்தை நிறுத்துங்கள். கோளாறு பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரில்தான் இருக்கும்.

கிளை நுனியில் புதிதாக விரிந்த இலை ஒன்றைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நரம்புகள் மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறிய மஞ்சளாகவும் தெரிந்தால் அது இரும்புக் குறைபாடு. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள்தான் முதலில் பழுக்கும். இதுவோ குருத்தில் தொடங்கும். நம் செம்மண்ணின் நிறமே இரும்பால் வந்தது, அப்படியிருக்க இரும்புக்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. அந்தக் கல்லுக்குள் ஊறி வரும் தண்ணீர் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். அதே தண்ணீரைக் கோடை முழுவதும் இறைத்தால் மண்ணில் காரம் ஏறி, இருக்கிற இரும்பையும் வேர் உறிஞ்ச முடியாமல் போய்விடுகிறது. எக்சோராவுக்கு அமிலத்தன்மையுள்ள புளிப்பு மண்தான் பிடிக்கும். தெற்கின் ஈரவலயத்தில் அது வேலியாகவே செழிப்பதற்கும் அங்குள்ள மண்தான் காரணம்.

உடனடி வைத்தியம் அன்னபேதி, அதாவது இரும்புச் சல்பேற்று. லீற்றருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளியுங்கள். தெளித்த இலைகள் பச்சை பிடிக்கும்; புதுத் துளிர் மஞ்சளித்தால் மறுபடி தெளியுங்கள். மண்ணில் கொட்டினால் காரம் அதையும் கட்டிவிடும், காசுதான் வீண். எக்சோராதான் வேண்டும் என்றால் பெரிய சாடியில் தும்புத்தூளும் மக்கிய மாட்டெருவும் கலந்து வையுங்கள். மாரியில் பீலித் தண்ணீரைப் பிடித்து வைத்து அதற்கென்று ஊற்றுங்கள். சீமெந்துச் சுவரோரம் மட்டும் வேண்டாம், அங்கே சுண்ணாம்பு இன்னும் கூடுதல்.

என்னைக் கேட்டால், நம் வளவுக்கு முதல் மரியாதை செவ்வரத்தைக்குத்தான். கடையில் விற்கும் அடுக்குப் பூ இனங்களைச் சொல்லவில்லை. அம்மனுக்கும் பிள்ளையாருக்கும் விடியற்காலையில் பறிக்கிறோமே, அந்த ஐந்து இதழ்ச் சிவப்பு. இந்த மண்ணோடும் இந்தத் தண்ணீரோடும் ஒத்துப்போகக்கூடியது. அயல் வீட்டில் பென்சில் பருமனில் ஒரு சாண் தடி கேட்டு வாங்கி, ஒக்டோபரில் மழை தொடங்கியதும் ஊன்றுங்கள். மொட்டுப் பிடிப்பது புதுக் கிளையில்தான். ஆகவே கன்று வளர்ந்து நின்ற பிறகு, மாரி ஓய்ந்து தை பிறந்ததும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தயங்காமல் வெட்டுங்கள். பூக்கிற செடியை வெட்ட மனம் வராதுதான், ஆனால் வெட்டாத செவ்வரத்தை உயர்ந்து உயர்ந்து உச்சியில் மட்டும் பூக்கும்.

அதற்கு வரும் பெரிய தொல்லை மாவுப்பூச்சி. 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்ட பப்பாசி மாவுப்பூச்சி செவ்வரத்தையையும் விட்டுவைப்பதில்லை. குருத்து சுருண்டு, கணுக்களில் வெள்ளைப் பஞ்சு அப்பியதுபோல் இருக்கும். தண்டில் எறும்பு வரிசையாக ஏறுகிறதா என்று பாருங்கள். பூச்சி கண்ணில் படுமுன் எறும்பு காட்டிக்கொடுத்துவிடும். சுருண்ட நுனிகளை வெட்டி எரித்துவிட்டு, குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவி, பிறகு சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் ஆரம்பத்திலேயே அடங்கும்.

நந்தியாவட்டையும் நித்தியகல்யாணியும் அதிகம் கேட்காதவை. மல்லிகையையும் மாரி முடிந்ததும் கத்தரித்து எரு வைத்தால் வெயில் ஏற ஏறப் பூக்கும்; அதிலும் குருத்து மஞ்சளித்தால் அதே அன்னபேதிதான். கடதாசிப்பூவுக்கு நல்ல வெயில் வேண்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டும். தினமும் ஊற்றினால் இலைதான் மிஞ்சும். தீவுப் பகுதியிலோ கடற்கரையோரத்திலோ உவர் ஏறிய கிணறு உள்ளவர்கள் அலரியை நம்பலாம். ஆனால் அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சிறு பிள்ளைகளும் ஆடு மாடும் உள்ள வளவில் நான் வைக்கச் சொல்லமாட்டேன்.

சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் எந்தக் கன்றானாலும் அடியில் பூவரசங்குழையோ வாழைச் சருகோ கனமாகப் பரப்புங்கள். தண்டை ஒட்டாமல் நாலு விரல் இடைவெளி விட்டுப் போட்டால் கறையானும் அழுகலும் அண்டாது.