தாத்தாவின் டிரங்குப் பெட்டி: எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தொடவே கூடாது?

கேள்வி: பெரம்பூரில் உள்ள எங்கள் பழைய வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டக் கொடுத்திருக்கிறோம். பரணைக் காலி செய்தபோது தாத்தாவின் டிரங்குப் பெட்டி கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தின் பொறியியல் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பெட்டிக்குள் நான்கு மெடல்கள், தோல் உறையில் ஒரு நீளக் கத்தி, கேன்வாஸ் பெல்ட், பித்தளையில் சின்ன எண்ணெய்க் குப்பி, நுனியில் பித்தளைக் குண்டு கட்டிய கயிறு, செம்பில் ஒரு குடுவை, ஒரு கிளிப்பில் மூன்று தோட்டாக்கள் இருக்கின்றன. எல்லாம் கறுத்துப் பச்சை பிடித்துக் கிடக்கிறது. பாலிஷ் போட்டு ஹாலில் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாமா? சட்டச் சிக்கல் வருமா? இதே மாதிரிப் பொருள்களை இன்னும் சேர்க்கவும் ஆசை.

பதில்: பாலிஷை அப்புறம் பார்க்கலாம் ஐயா. முதலில் அந்த மூன்று தோட்டாக்கள்.

அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் வட்டமாக ஒரு மூடி தெரியும், அதுதான் பிரைமர். அதில் பள்ளம் விழாமல், முன்பக்கத்தில் குண்டும் அப்படியே செருகியிருந்தால் அது சுடப்படாத தோட்டா. பள்ளம் விழுந்தும் குண்டு வெளியேறாமல் இருந்தால் இன்னும் மோசம்: சுட்டு, வெடிக்காமல் நின்றுபோனது. குண்டே இல்லாத வெறும் கூடு என்றால் வெடிக்கும் பயம் இல்லை. பயிற்சிக்குக் கொடுத்த போலித் தோட்டாக்களும் உண்டு. அவற்றில் பிரைமர் இருக்காது, கூட்டில் துளையோ சிவப்புச் சாயம் பூசிய வரியோ இருக்கும். சந்தேகம் இருந்தால் உயிருள்ள தோட்டா என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எண்பது வருஷம் ஆனாலும் உள்ளே இருக்கும் மருந்து வெடிக்கக்கூடியதுதான்.

1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது குற்றம். தாத்தா வைத்தது என்பதால் அது மாறாது. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு, வைத்திருக்கக் கூடாத நிலையில் உள்ள ஆயுதத்தையும் தோட்டாவையும் தாமதிக்காமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கச் சொல்கிறது. நீங்களே பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் போகாதீர்கள். உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்குப் போன் செய்து, அவர்களையே வரச் சொல்லுங்கள். எந்த வீடு, எப்போது, எப்படிக் கிடைத்தது என்று ஒரு பக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கிளிப்பைத் திருப்பித் தந்தால் உங்கள் அதிர்ஷ்டம். கூவத்தில் வீசுவது, காயலான் கடையில் பித்தளை விலைக்குப் போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். கடைக்காரர் உருக்கப் போடும்போது யார் கை போகும் என்று சொல்ல முடியாது.

அடுத்து அந்தச் செம்புக் குடுவை. அது உங்கள் தாத்தா காலத்துக்கும் முந்தியது. குழல் வாயில் கறுப்பு மருந்து கொட்டி, கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கான மருந்துக் குடுவை. யாரிடமிருந்தோ வாங்கியிருப்பார். இதில் பலருக்குத் தெரியாத ஆபத்து, உள்ளே மிச்சம் இருக்கும் மருந்து. ஈரம் படாத கறுப்பு மருந்து நூறு வருஷம் கழித்தும் தீப்பற்றும். குலுக்கினால் சரசரவென்று கேட்கிறதா? அப்படியானால் திறக்காமல், தோட்டாவுக்காக வரும் போலீஸாரிடமே காட்டிவிடுங்கள். மிச்சம் இல்லை என்று உறுதியாகும் வரை அதை வெயிலில் வைப்பது, விளக்கருகே கொண்டு போவது, ஓட்டையை அடைக்கப் பற்றவைக்கக் கொடுப்பது எதுவும் கூடாது.

சரி, இனி மற்றவை. எண்ணெய்க் குப்பியும் குண்டு கட்டிய கயிறும் லீ என்ஃபீல்ட் ரைஃபிளின் துணைச் சாமான்கள். ரைஃபிளின் கட்டைக்குள்ளேயே பித்தளை மூடி போட்ட பொந்து இருக்கும், இரண்டும் அதற்குள் போகும். கயிற்றுக்குப் புல்த்ரூ என்று பெயர். குண்டைக் குழலுக்குள் விட்டு மறுபக்கம் இழுத்தால், கயிற்றின் கண்ணியில் செருகிய எண்ணெய்த் துணி குழலைத் துடைத்துக்கொண்டு வரும்.

சட்டம் துப்பாக்கியின் பாகங்களையும் துப்பாக்கியாகவே கணக்கில் எடுக்கும். போல்ட், குழல், விசை இவையெல்லாம் தனித்தனியாகக் கிடைத்தாலும் ஜாக்கிரதை. சுடும் ஓசையையோ தீப்பிழம்பையோ குறைக்கும் கருவியும் அந்த வரையறைக்குள் பெயர் சொல்லியே வருகிறது. எண்ணெய்க் குப்பி, புல்த்ரூ, தோள்பட்டி, தோட்டாப் பை, கைத்துப்பாக்கி உறை, காலி மருந்துக் குடுவை இவையெல்லாம் அப்படிப்பட்டவை அல்ல. வெற்றுத் தோட்டாக் கூடு கொஞ்சம் இடைப்பட்டது. தோட்டாவின் பாகமும் தோட்டா என்ற வரையறைக்குள் வரும். ஆனால் முழுத் தோட்டாவாகச் சேர்க்கும் எண்ணம் இல்லாத சிறு பாகங்களுக்கு 45-ஆம் பிரிவு விலக்குத் தருகிறது. வீட்டு அலமாரியில் இருக்கட்டும். விமானப் பயணப் பையில் மட்டும் ஒரு கூடுகூட இருக்கக் கூடாது. மீனம்பாக்கத்தில் ஸ்கேனர் முன்னால் நின்றுகொண்டு 45-ஆம் பிரிவு பேசினால் விமானம் போய்விடும்.

பழைய துப்பாக்கி வாங்க யாராவது ஆசை காட்டினால் இதே பிரிவைத்தான் நீட்டுவார்கள்: ‘பழம்பொருள் சார், லைசென்ஸ் வேண்டாம்.’ பிரிவு சொல்வது அவ்வளவு எளிதாக இல்லை. பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் துப்பாக்கியாகப் பயன்படுத்த முடியாத நிலையில் இருக்க வேண்டும் என்பதும் அதில் சேர்ந்திருக்கிறது. 2020-இல் பழம்பொருள் வகைச் சிறு துப்பாக்கிகளை வாங்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். எடுத்துச் செல்லவும் சுடவும் உரிமம் வேண்டும். ஒரு குறிப்பிட்ட துப்பாக்கி அந்த வகையில் வருமா என்பதை விற்பவர் முடிவு செய்ய முடியாது. சென்னையில் உரிமம் தரும் அதிகாரம் மாநகரக் காவல் ஆணையருக்கு. வேப்பேரி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், துப்பாக்கியையே விட்டுவிட்டுத் துணைச் சாமான்களை மட்டும் சேர்ப்பதுதான் நிம்மதி. விலையும் குறைவு. ஒரு சிப்பாயின் அன்றாடம் துப்பாக்கியைவிட அவன் பையில்தான் அதிகம் தெரியும்.

அந்த நீளக் கத்தி ரைஃபிள் முனையில் செருகும் பயனெட். கைப்பிடிக்குப் பக்கத்தில், அலகின் மேல் குத்திய எழுத்துகளைப் படியுங்கள். ஆர்.எஃப்.ஐ. என்று இருந்தால் வங்காளத்தின் இஷாப்பூர் ரைஃபிள் தொழிற்சாலையில் செய்தது. 1907 மாதிரியின் அலகு 17 அங்குலம். போர்க்காலத்தில் இந்தியாவில் செய்தவற்றை 12 அங்குலமாகக் குறைத்தார்கள். குட்டையாக இருப்பதைப் பார்த்து உடைந்தது என்று நினைக்க வேண்டாம். அகன்ற அம்புக்குறியும் கீழே ஐ என்ற எழுத்தும் இந்திய அரசின் ராணுவச் சொத்து என்பதற்கான முத்திரை. இரண்டு அம்புகள் முனையோடு முனை பார்த்தபடி இருந்தால், படை அதைக் கழித்து வெளியே விற்றுவிட்டது என்று அர்த்தம். சட்ட விஷயத்தில், ஆயுத விதிகளின் பட்டியலில் பயனெட், வாள், குத்துவாள் எல்லாம் கூரிய ஆயுதங்களாக வருகின்றன. இவற்றுக்கு உரிமம் கட்டாயமா என்பது அந்தப் பகுதிக்கு அரசு அறிவிக்கை இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. தோட்டாக்களைப் பற்றிய கடிதத்திலேயே இதையும் குறிப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். எது எப்படியோ, வெளியே எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

இப்போது பாலிஷ். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் பித்தளை என்றாலே புளி. குத்துவிளக்குக்குப் புளி போட்டுத் தேய்ப்பதில் தப்பில்லை, அது வாராவாரம் துலங்க வேண்டிய பொருள். ராணுவச் சாமானில் புளியின் அமிலம் மேல்படலத்தோடு நுண்ணிய முத்திரைகளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடும். சேகரிப்பவர்கள் காசு கொடுப்பது அந்தக் கறுத்த படலத்துக்கும் எழுத்துக்கும்தான். பளபளவென்று துலக்கிய மெடல் பாதி விலைக்குப் போகலாம்.

கடையில் விற்கும் உலோகப் பாலிஷ்களில் அம்மோனியா கலந்திருப்பது உண்டு. இதற்கு நம் நாட்டோடு தொடர்புள்ள ஒரு பழைய கதை இருக்கிறது. பிரிட்டிஷ் படையின் பித்தளைத் தோட்டாக் கூடுகள் இந்தியாவில் மழைக்காலத்தில் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை லாயங்களில் சிறுநீரிலிருந்து எழும் அம்மோனியா, ஈரக்காற்று, கூட்டை அழுத்தி வடித்தபோது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம் மூன்றும் சேர்ந்த வேலை அது. காரணத்தை உறுதியாகக் கண்டுபிடிக்க 1921 வரை ஆனது. உங்கள் வீட்டில் குதிரை இல்லை, பாலிஷ் டப்பா இருக்கிறது.

பச்சைக் களிம்பை என்ன செய்வது? மூங்கில் குச்சியை அல்லது மரப் பல்குத்தியைக் கூராக்கி, ஒரு சொட்டு மினரல் எண்ணெய் தொட்டு, களிம்பை மட்டும் மெதுவாகச் சுரண்டுங்கள். பிறகு மென்மையான பருத்தித் துணி. அவ்வளவுதான். எந்தச் சாமானிலாவது தோலும் பித்தளையும் சேரும் இடத்தில் பச்சையாக மெழுகு மாதிரி பிதுங்கியிருந்தால், அது தோலில் உள்ள கொழுப்பும் செம்பும் சேர்ந்து உண்டானது. அதையும் இப்படியே எடுக்கலாம். தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள். சிக்குப் பிடித்து, பூஞ்சைக்கு விருந்தாகும்.

பயனெட்டைத் தோல் உறையிலேயே செருகி வைக்கக் கூடாது. தோல் பதனிட்ட அமிலமும் அது இழுக்கும் ஈரமும் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், நம் ஊரில் கடல் உப்பும் சேர்ந்துகொள்ளும். அலகில் மெல்லிய எண்ணெய் பூசித் தனியாக வையுங்கள், உறை பக்கத்தில் இருக்கட்டும். மெடல்களை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுப்பாக்கும். பி.வி.சி. உறைகளும் நாளாவட்டத்தில் அமிலம் கக்கும், பாலிஎஸ்டர் உறை நல்லது. கண்ணாடிப் பெட்டியை வெயில் விழாத சுவரில் மாட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, ஐப்பசி கார்த்திகையில் மட்டும் அடிக்கடி மாற்றுங்கள். ரிப்பன் நைந்திருந்தாலும் கழற்றி எறியாதீர்கள். புதிதாக ஒன்று போட்டாலும் பழையதை மெடலோடு சேர்த்து வைத்திருங்கள்.

மெடல்களில்தான் உங்கள் பெட்டியின் உண்மையான மதிப்பு. பிரிட்டிஷ் வீரர்களுக்கு இரண்டாம் உலகப் போர் மெடல்களைப் பெயர் பொறிக்காமலேயே கொடுத்தார்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்தவற்றில் பெயர் பொறித்தவை நிறைய உண்டு. வட்ட மெடலின் விளிம்பையும் நட்சத்திரத்தின் பின்பக்கத்தையும் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: எண், பதவி, பெயர், படைப்பிரிவு. இரட்டைத் தலை டிராகன் மேல் சிங்கம் நிற்பது போர் மெடல். பின்னால் இந்திய வரைபடம் இருந்தால் இந்திய சேவை மெடல். நட்சத்திரங்களில் பெயரே எழுதியிருக்கும்: ஆப்பிரிக்கா, இத்தாலி, பர்மா. எந்தப் போர்முனைக்குப் போனார் என்று அது சொல்லிவிடும். மெட்ராஸ் சாப்பர்ஸ் இந்த மூன்று இடங்களிலும் இருந்தார்கள். காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோவில் கண்ணிவெடி மேல் விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டதும் இந்தப் பிரிவில்தான். வீரத்துக்கான ஜார்ஜ் கிராஸ் விருது கிடைத்தது. நான்கு மெடல்களையும் பிரித்து விற்க மட்டும் சம்மதிக்காதீர்கள். ஒரே பெயரில் சேர்ந்திருக்கும் தொகுதிக்கு உள்ள மதிப்பு தனித்தனியாக வராது.

இன்னும் சேர்க்க வேண்டும் என்றால், வாங்குவதற்கு முன் பார்த்துப் பழகுங்கள். புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்தில் ஆயுதங்களும் சீருடைகளும் மெடல்களும் இருக்கின்றன. எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை. இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. மூர் மார்க்கெட் 1985 தீயில் போனதிலிருந்து ஒரே இடத்தில் எல்லாம் கிடைப்பது இல்லை. நாணயக் கண்காட்சிகளில் மெடல் வரும், பழைய ஏலக் கம்பெனிகளில் பெட்டி பெட்டியாக வரும், இடிக்கிற வீடுகளிலிருந்து காயலான் கடைக்கும் வரும்.

போலிகள் நிறைய. மொராதாபாத்திலும் ரூர்க்கியிலும் செய்யும் பித்தளை அலங்காரச் சாமான்கள் நேர்மையான வியாபாரம்தான், கடை மாறும்போதுதான் ‘கம்பெனி காலத்துச் சாமான்’ ஆகிவிடுகின்றன. அசல் மருந்துக் குடுவை மெல்லிய தகட்டை இரண்டு பாதியாக அச்சில் அழுத்திப் பற்றவைத்தது. கையில் எடுத்தால் லேசாக இருக்கும், ஓரத்தில் பற்றுக்கோடு தெரியும், மூக்கில் மருந்தின் அளவுக்குப் படிக்குறி இருக்கும். வார்ப்படமாகக் கனத்து, கூட்டல் குறி வெட்டிய திருகு போட்டிருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ‘எம்டன் போட்ட குண்டுத் துண்டு’ என்று யாராவது இரும்பை நீட்டினால், அந்த ஜெர்மன் கப்பல் சென்னையைச் சுட்ட 1914 செப்டம்பர் 22 ராத்திரியிலிருந்து அது யார் யார் கையில் இருந்தது என்று கேளுங்கள். பதில் எழுத்தில் இல்லையென்றால் அது இரும்பு விலைதான்.

தந்தப் பிடி, மான்கொம்புப் பிடி போட்ட கத்திகளைத் தொடவே வேண்டாம். வனவிலங்குச் சட்டம் ஆயுதச் சட்டத்தைவிடக் கடுமையாகப் பிடிக்கும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் ஆகிவிடலாம். அப்படிப்பட்டதை விற்பவருக்கு உரிமம் வேண்டும், வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்கு நீங்கள் அனுப்பவும் முடியாது. வாங்கும் ஒவ்வொன்றுக்கும் தேதி போட்ட ரசீது கேளுங்கள்.

தாத்தாவின் எண்ணும் பெயரும் மெடல் விளிம்பில் தெரிந்தால், அதைப் பென்சிலில் குறித்துக்கொண்டு, பெங்களூரில் உள்ள மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்பின் (மெட்ராஸ் சாப்பர்ஸின் இன்றைய பெயர்) ஆவணப் பிரிவுக்கு நீங்கள் அவருடைய பேரன் என்பதற்கான சான்றுடன் கடிதம் எழுதுங்கள். ரேஷன் அட்டை, அவருடைய இறப்புச் சான்றிதழ், மெடல் விளிம்பின் புகைப்படம் மூன்றின் நகலும் கூடவே போகட்டும்.